எட்டு போட்ட உடம்பை மலை வளைவுக்குப் பழக்குவது எப்படி?

லைசென்ஸ் வாங்கும்போது ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டிருப்பீர்கள். கால் தரையில் படாமல், கோட்டைத் தாண்டாமல் வண்டியைச் சுற்றிக் கொண்டுவரும்போது, யாரும் சொல்லித்தராமலே உங்கள் உடம்பு ஒரு வேலையைச் செய்திருக்கும்: வண்டியை உள்பக்கம் சாய்த்துவிட்டு, இடுப்புக்கு மேலே நிமிர்ந்து, கொஞ்சம் வெளிப்பக்கமாகவே இருந்திருக்கும். நடக்கிற வேகத்துக்கு அதுதான் சரி. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கோ சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கோ ஏறும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 40, 50 கி.மீ. வேகத்தில் ஒரு அகலமான வளைவு வருகிறது, அங்கேயும் வண்டியை மட்டும் சாய்த்துவிட்டு ஆள் நட்டமாக உட்கார்ந்திருக்கிறோம், வண்டி வெளிப்பக்கமாக விலகிக்கொண்டே போகிறது, எதிரே பஸ்.

இன்னொரு கூட்டமும் உண்டு. மோட்டோ ஜிபி பைக் பந்தயம் பார்த்துவிட்டு 150 சிசி வண்டியில் முட்டியை வெளியே நீட்டிக்கொண்டு போகிறவர்கள். கவனித்துப் பாருங்கள், முட்டி மட்டும்தான் வெளியே இருக்கும். தலையும் தோளும் அப்படியே எட்டு போடும் நிலையில் நிமிர்ந்து நிற்கும். பார்க்க நன்றாக இருக்கும், பலன் ஒன்றும் கிடையாது.

சாதாரண ரோட்டில் உடம்பால் செய்ய வேண்டியது உண்மையில் மிகக் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தைச் சரியான வரிசையில் செய்ய வேண்டும். 125 முதல் 200 சிசி வரை ஏதோ ஒரு வண்டி வைத்திருக்கிறீர்கள், இதுவரை ஊருக்குள்ளும் பைபாஸிலும்தான் ஓட்டியிருக்கிறீர்கள், இனிமேல்தான் மலைக்குப் போகப்போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு.

முதலில், எவ்வளவு சாய வேண்டும்?

வளைவில் வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் அளவும்தான் தீர்மானிக்கின்றன, உங்கள் தைரியம் அல்ல. 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் போனால் ஏறக்குறைய 20 டிகிரி சாய்வு போதும். 40 கி.மீ. என்றால் 32 டிகிரி. 50 கி.மீ. என்றால் 44 டிகிரியைத் தாண்டிவிடும். வேகம் பத்துப் பத்தாகத்தான் கூடியது, சாய்வு எங்கேயோ போய்விட்டது பாருங்கள். நாம் ஓட்டும் சாதாரண வண்டிகள் பெரும்பாலும் 40 டிகிரியை நெருங்கும்போதே ஃபுட்ரெஸ்ட், சென்டர் ஸ்டாண்ட், சைலன்சர் என்று ஏதாவது ஒன்றைத் தரையில் உரச ஆரம்பித்துவிடும். உரசலோடு நின்றால் சரி. சென்டர் ஸ்டாண்ட் போன்ற வளையாத இரும்பு அழுந்த ஊன்றினால் டயரையே தரையிலிருந்து தூக்கிவிடும், அப்புறம் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இங்கேதான் உடம்புக்கு வேலை வருகிறது. அந்த 32 டிகிரி என்பது வண்டியும் நீங்களும் சேர்ந்த மொத்த எடைக்கான கணக்கு. நீங்கள் உள்பக்கம் போனால் வண்டி அவ்வளவு சாய வேண்டியதில்லை. நீங்கள் வெளிப்பக்கம் போனால் அந்தக் குறையை வண்டி கூடுதலாகச் சாய்ந்து ஈடுகட்ட வேண்டும். அதாவது உடம்பைச் சாய்ப்பதே வண்டியைச் சாய்க்காமல் இருப்பதற்காகத்தான். வண்டி 150 கிலோ, ஆள் 70 கிலோ என்று வையுங்கள். உங்கள் உடம்பு மொத்தமாக 10 செ.மீ. உள்ளே நகர்ந்தால் வண்டிக்குச் சுமார் 3 டிகிரி மிச்சமாகும். கேட்கச் சின்னதாகத் தோன்றும். ஆனால் எட்டு போட்ட பழக்கத்தில் 10 செ.மீ. வெளியே இருப்பவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் வித்தியாசம் 6 டிகிரி. நனைந்த ரோட்டில் அந்த 6 டிகிரி பெரிய விஷயம்.

வீட்டிலேயே ஆரம்பியுங்கள்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஏறி உட்காருங்கள். ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்றால் யாரையாவது முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கால் முதலில். நம்மில் முக்கால்வாசிப் பேர் பாதத்தின் நடுக்குழியை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, வலது விரல்களைப் பிரேக் மேலும் இடது விரல்களைக் கியர் மேலும் தொங்கவிட்டு ஓட்டுகிறோம். ஊருக்குள் அது வசதி. வளைவில் வண்டி சாயும்போது ஃபுட்ரெஸ்ட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த விரல்கள்தான் முதலில் தரையைத் தொடும், ஷூ முனை பிடிபட்டால் கால் பின்னால் இழுக்கப்படும். அதனால் வளைவுக்குள் நுழையும் முன்பு, பிரேக்கும் கியரும் முடிந்தவுடன், பாதத்தின் முன்பகுதி, அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சதைப்பிடிப்பான இடம், ஃபுட்ரெஸ்ட் மேல் வரும்படி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கக் காலுக்காவது இது கட்டாயம்.

அடுத்து தொடை. இரண்டு முட்டியும் டேங்க்கைப் பிடித்திருக்க வேண்டும். வண்டியைப் பிடித்துக்கொள்ளும் வேலை கால்களுடையது, கைகளுடையது அல்ல. இது சரியா என்று பார்க்க ஒரு வழி: முன்னால் குனிந்து ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் லேசாக எடுங்கள். முன்னால் விழாமல் வயிறும் தொடையும் தாங்கினால் சரி. விழுகிறீர்கள் என்றால் உங்கள் எடை இத்தனை நாளும் கையில்தான் இருந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கியதும் மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்கிறவர்கள் எல்லாம் இந்த வகைதான்.

கை. முழங்கை மடங்கி இருக்க வேண்டும், தோள் காதைத் தொடக்கூடாது. விறைத்த கையோடு வளைவுக்குள் போனால் ரோட்டின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் நீங்களே ஹேண்டில்பாருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள். முன்சக்கரம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், விட்டால் போதும்.

இப்போது சாய்ந்து பாருங்கள். வலப்பக்க வளைவு என்று நினைத்துக்கொண்டு இடது தொடையால் டேங்க்கை அழுத்தி, இடுப்பிலிருந்து மேல் உடம்பை வலது கண்ணாடியை நோக்கி முன்னும் பக்கவாட்டிலுமாகக் கொண்டுபோங்கள். தாடை ஏறக்குறைய வலது மணிக்கட்டுக்கு நேராக வர வேண்டும். வலது முழங்கை மடங்கும், இடது கை சற்று நீளும். தலையைச் சாய்க்காதீர்கள், திருப்புங்கள். கண்கள் இரண்டும் கிட்டத்தட்ட தரைமட்டத்துக்கு இணையாக இருக்கட்டும். சீட்டிலிருந்து எழுந்து தொங்க வேண்டாம். தினசரி ஓட்டத்துக்குத் தலையும் தோளும் போதும். கொஞ்சம் வேகமான, நன்றாகத் தெரிகிற வளைவுகளுக்கு வேண்டுமானால் உள்பக்கமாகப் பாதி சீட் நகரலாம், அதையும் வளைவுக்கு முன்பே நகர்ந்து முடித்துவிட வேண்டும். வளைவின் நடுவில் சீட்டில் நெளிந்தால் வண்டியும் நெளியும்.

ஒரு தப்பு எல்லோரிடமும் வரும்: இடுப்பு உள்பக்கம் நகரும், தலையும் தோளும் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். பயத்தில் உடம்பு செய்யும் வேலை அது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இடுப்பை விட்டுவிட்டுத் தலையை நகர்த்துங்கள்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு டேங்க் கிடையாது, பிடிக்கத் தொடைக்கு இடமில்லை. கால் இரண்டையும் பலகையில் தட்டையாக வைத்து, முட்டியை உள்நோக்கி வைத்து, வண்டியோடு சேர்ந்தே சாய்ந்தால் போதும். சின்னச் சக்கரம் குழியில் அதிகம் துள்ளும் என்பதால் வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் அங்கே முதல் பாடம்.

வண்டி திரும்புவது கையால்தான்

உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும் என்று நினைப்பவர்கள் ஒரு நேர்ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் ஹேண்டில்பாரைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் சாய்த்துப் பாருங்கள். வண்டி திரும்பும், ஆனால் மெதுவாக, அதன் இஷ்டத்துக்கு. அதே வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து வலது கைப்பிடியை உள்ளங்கையால் லேசாக முன்னால் தள்ளுங்கள். இழுப்பது அல்ல, கீழே அழுத்துவதும் அல்ல, உங்களை விட்டு முன்னால் தள்ளுவது. வண்டி உடனே வலப்பக்கம் சாய்ந்து வலப்பக்கமே போகும்.

முதல்முறை செய்யும்போது மூளை ஒத்துக்கொள்ளாது. வலது பக்கத்தைத் தள்ளினால் சக்கரம் இடப்பக்கம் அல்லவா திரும்பும்? ஆமாம், ஒரு கணம் திரும்பும். டயர் இடப்பக்கம் போய்விடுவதால் மேலே இருக்கும் எடை வலப்பக்கம் விழும், சாய்ந்த வண்டி அந்தப் பக்கமே வளையும், முன்சக்கரமும் பின்னாலேயே வலப்பக்கம் வந்துவிடும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால்தான் சைக்கிள் ஓட்டுகிற காலத்திலிருந்து இதைச் செய்துகொண்டிருந்தும் நமக்குத் தெரிவதில்லை. விமானம் கண்டுபிடிப்பதற்கு முன்பு சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள்காரர்களைக் கேட்டுப் பார்த்தாராம். ஒருவரும் சரியாகச் சொல்லவில்லையாம், ஆனால் எல்லோரும் சரியாகத்தான் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

தெரியாமலே நடக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். பயம் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். வளைவு எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக இருக்கிறது என்று தெரிந்தவுடன், இதை அறியாதவர் ஹேண்டில்பாரை வளைவின் பக்கமாகத் திருப்பப் பார்ப்பார், வண்டி நிமிர்ந்து நேராக வெளியே ஓடும். அறிந்தவர் உள்பக்கக் கையை இன்னும் கொஞ்சம் தள்ளுவார், வண்டி இன்னும் கொஞ்சம் சாயும். தரையில் மணலோ ஈரமோ இல்லை என்றால் டயர் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே தாங்கும். மலையில் வளைவில் விழுகிற பல பேருக்கு டயர் வழுக்குவதில்லை. இதற்குமேல் சாயாது என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள்.

20 கி.மீ.க்குக் கீழே இந்தத் தள்ளல் அவ்வளவாக வேலை செய்யாது. அங்கே எட்டுப் பாடம்தான். அதைக் கொண்டை ஊசிக்கு வைத்துக்கொள்வோம்.

வளைவின் வரிசை

வளைவு கண்ணில் பட்டதும் முதலில் வேகம். வண்டி நேராக நிற்கும்போதே இரண்டு பிரேக்கையும் பிடித்து, கியரைக் குறைத்து, இந்த வளைவுக்கு இது கொஞ்சம் மெதுவோ என்று தோன்றும் வேகத்துக்கு வந்துவிடுங்கள். மெதுவாக நுழைந்தவர் உள்ளே போய் ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கொள்ளலாம். வேகமாக நுழைந்தவருக்கு அந்த வசதி இல்லை.

அப்புறம் இடம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் இட வளைவும் வல வளைவும் ஒன்றல்ல. இட வளைவில் மலைச்சுவரோ மரமோ உள்பக்கம் மறைக்கும். நம் பாதியின் வலது ஓரத்துக்கு அருகிலிருந்து நுழைந்தால் கொஞ்சம் அதிகம் தெரியும், ஆனால் எதிர்வண்டிக்கு இடம் விட்டு. அவசரப்பட்டு உள்பக்கம் வெட்டிவிடாதீர்கள். சீக்கிரம் உள்ளே போனால் வளைவின் முடிவில் வண்டி நடுக்கோட்டைத் தாண்டித்தான் வெளியே வரும். வெளியேறும் வழி கண்ணில் படும்வரை வெளிப்பக்கமே இருந்து, தெரிந்த பிறகு உள்ளே கொண்டுவருவதுதான் ரோட்டுக்கு ஏற்ற முறை.

வல வளைவுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது சுலபமானதாகத் தோன்றும். பார்வை திறந்திருக்கும், இடம் தாராளமாக இருக்கும், மெல்ல மெல்ல நடுக்கோட்டுப் பக்கம் வந்துவிடுவோம். டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஆனால் வண்டி 30 டிகிரி சாய்ந்திருக்கும்போது உங்கள் ஹெல்மெட் டயருக்கு நேர் மேலே இல்லை, சுமார் 70 செ.மீ. வலப்பக்கம் இருக்கிறது. உடம்பை உள்ளே கொண்டுவந்திருந்தால் இன்னும் கூட. டயர் கோட்டை ஒட்டி இருந்தால் தலை எதிர்வண்டியின் பாதையில் இருக்கிறது என்று அர்த்தம். வல வளைவில் டயருக்கும் நடுக்கோட்டுக்கும் குறைந்தது ஒரு மீட்டருக்கு மேல் வையுங்கள். கோடே போடாத மலைரோட்டில் அந்தக் கோட்டை நீங்களே மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

வேகமும் இடமும் முடிந்தது. உடம்பை உள்பக்கம் தயாராக வையுங்கள், தலையைத் திருப்பி வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள், அப்புறம் கையைத் தள்ளுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. வண்டி சாய்ந்த பிறகு உடம்பைக் கொண்டுபோனால் வண்டி ஆடும்.

பார்வையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எப்படிப் பார்ப்பது என்று சொல்ல மாட்டார்கள். மூக்கு திரும்ப வேண்டும், கண் மட்டும் ஓரமாகப் போனால் போதாது. வளைவு விரிய விரியப் பார்வையும் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். குழி ஒன்று தெரிந்தால் ஒருமுறை பார்த்துவிட்டு, அதைத் தாண்டிப் போகும் வழியைப் பாருங்கள். குழியையே பார்த்தால் குழிக்குள்தான் போவீர்கள். தடுப்புக் கல்லுக்கும் எதிரே வரும் லாரிக்கும் இதே விதிதான்.

வண்டி வளைய ஆரம்பித்ததும் ஆக்சிலரேட்டரை ஒரு நூலளவு திறந்து வையுங்கள். வேகம் கூட்டுவதற்கு அல்ல, வேகம் விழாமல் இருப்பதற்கு. வெடுக்கென்று மூடினால் எடை முன்சக்கரத்தில் வந்து விழும், வண்டி போய்க்கொண்டிருந்த வழி மாறும். வளைவு திறந்து, வெளியேறும் நேர்ரோடு தெரிந்ததும் வண்டியை நிமிர்த்திக்கொண்டே ஆக்சிலரேட்டரைக் கூட்டுங்கள். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும், சாய்ந்தபடியே முறுக்கக்கூடாது.

நடுவில் பிரேக் பிடித்தே ஆக வேண்டும் என்றால்? மாடு நிற்கிறது, கல் கிடக்கிறது. இடம் இருந்தால் முதலில் வண்டியை நிமிர்த்துங்கள், பிறகு நேராக வைத்துப் பிடியுங்கள். இடம் இல்லையென்றால் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள், வண்டி நிமிர நிமிர அழுத்தமும் கூடலாம். சாய்ந்த வண்டியில் முன்பிரேக்கைப் படாரென்று பிடிப்பது மட்டும் வேண்டாம். 'சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே' என்பார்கள். நம் சாதாரண வண்டிகளில் உள்ள ஏபிஎஸ்ஸுக்கு வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. சக்கரம் நின்றுவிட்டதா என்பது மட்டும்தான் தெரியும். பல வண்டிகளில் அதுவும் முன்சக்கரத்துக்கு மட்டும்தான்.

கொண்டை ஊசி வேறு கணக்கு

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40, ஏற்காட்டுக்கு 20. ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று பலகை இருக்கும், எண்ணிக்கொண்டே போகலாம். புதியவர்கள் பயப்படுவதெல்லாம் இவற்றுக்குத்தான், ஆனால் சாய்வு அதிகம் வேண்டாத வளைவுகளும் இவைதான். மலைச்சாலைக்கான இந்திய விதிமுறை கொண்டை ஊசி வளைவை மணிக்கு 20 கி.மீ. வேகத்துக்கு, உள்வளைவு குறைந்தது 14 மீட்டர் ஆரத்தில் அமைக்கச் சொல்கிறது. அந்த வேகத்தில் அந்த ஆரத்துக்கு 13 டிகிரி சாய்வுகூட வேண்டியதில்லை. இங்கே போய்த் தொங்கிக்கொண்டு சாய்வது வீண்வேலை.

மைதானத்தில் போட்ட எட்டு இங்கேதான் உதவும். உடம்பை நிமிர்த்தி, வண்டியை மட்டும் கொஞ்சம் உள்ளே சாய்த்து, கிளட்ச்சைப் பாதியில் பிடித்து, பின்பிரேக்கை லேசாக அழுத்தியபடி, ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்துச் சுற்றுங்கள். தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் தலையைத் திருப்பி, மேலே போகிற ரோட்டைப் பாருங்கள். ஊசிவளைவில் தலை திரும்பாதவர்தான் வெளிச்சுவர் வரை போய் நிற்பார்.

ஏறும்போது வரும் இடப்பக்கக் கொண்டை ஊசிதான் இருப்பதிலேயே கஷ்டமானது. நாம் உள்பக்கத்தில் இருப்பதால் வளைவும் இறுக்கம், உள்பக்கத்தில் ஏற்றமும் செங்குத்து. மூன்றாவது கியரில் வந்து நடுவளைவில் எஞ்சின் திணறி அணைந்தால், சரிவில் இடது காலை ஊன்றப்போனால் தரை எட்டாது, வண்டி அந்தப் பக்கமே படுத்துவிடும். அதனால் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியர், பளு ஏற்றிய சின்ன வண்டி என்றால் முதல் கியர். வளைவுக்குள் கியர் மாற்றாதீர்கள். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டு இறங்கினால் மிச்சமாகிற பெட்ரோல் ஒரு டீக்குக் காணாது.

பஸ் வந்தால் போட்டி வேண்டாம். கொண்டை ஊசியில் ஏறுகிற அரசு பஸ் திரும்புவதற்கு முழு ரோடும் வேண்டும், ஓட்டுநர் வேண்டுமென்றே உங்கள் பக்கம் வருவதில்லை. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. வளைவுக்கு மேலேயே நின்று, அது சுற்றி முடித்ததும் இறங்குங்கள். ஹாரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே தயாராகிவிடலாம், காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கேட்காது.

ரோட்டையும் படிக்க வேண்டும். உள்பக்கத்தில் மண்ணும் ஜல்லியும் சேர்ந்திருக்கும். பாறையிலிருந்து நீர் கசியும் இடங்களில் பாசி பிடித்திருக்கும். லாரியிலிருந்து சிந்திய டீசல், மழைத் தூறலில் வானவில் நிறத்தில் மின்னும். இங்கெல்லாம் வண்டி எவ்வளவு நிமிர்ந்து இருக்கிறதோ அவ்வளவு நல்லது, வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வித்தை எதுவும் இல்லை.

பின்னால் ஆள் இருந்தால்

நண்பரை ஏற்றிக்கொண்டு போனால் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: 'நான் எந்தப் பக்கம் சாய்கிறேனோ அந்தப் பக்கத் தோளுக்கு மேலே எட்டிப் பார், போதும்.' அதைச் செய்தாலே அவருடைய எடை சரியான பக்கம் வந்துவிடும். சாய்வைப் பார்த்துப் பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்கிற ஆள் பின்னால் இருந்தால் நீங்கள் எவ்வளவு தள்ளினாலும் வண்டி அடம்பிடிக்கும். ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காருபவரை வைத்துக்கொண்டு மலை ஏறுவதைத் தவிர்த்துவிடுங்கள். எடை முழுவதும் இடப்பக்கம் இருக்கும், இட வளைவில் அவருடைய பாதம் ரோட்டுக்கு மிக அருகில் போகும், பிடித்துக்கொள்ளவும் சரியான இடம் கிடையாது. இருபக்கமும் கால் போட்டு உட்கார மாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால் பஸ்ஸில் அனுப்பிவிட்டு மேலே போய்க் கூட்டிக்கொள்ளலாம்.

பின்னால் எடை கூடும்போது வண்டியின் பின்பக்கம் அமுங்கும், தரைக்கும் ஸ்டாண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். வழக்கமாக உரசாத வண்டி அன்றைக்கு உரசும். டயர் காற்றை செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, இரண்டு ஆளுக்கான அளவில் அடித்துக்கொள்ளுங்கள். புது டயர் மாட்டியிருந்தால் முதல் 100, 150 கி.மீ. வரை மேல்பூச்சு வழுக்கும், அதை மலைக்குப் போய்த் தேய்க்க வேண்டாம். சைடு ஸ்டாண்டை எடுத்தாயிற்றா என்று கிளம்பும்போது ஒருமுறை குனிந்து பாருங்கள், பழைய வண்டிகளில் ஸ்டாண்ட் போட்டிருந்தாலும் எஞ்சின் ஓடும். இட வளைவில்தான் தெரியவரும்.

மலைக்கு முன்னால் மைதானம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான மைதானமோ போக்குவரத்து இல்லாத லேஅவுட் ரோடோ போதும். தண்ணீர் பாட்டில்களை ஏழெட்டு மீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையில் வைத்து, 25 கி.மீ. வேகத்தில் இடதும் வலதுமாக வளைந்து போங்கள். உடம்பை அசைக்காமல் கையை மட்டும் தள்ளித் தள்ளி ஓட்டிப் பாருங்கள், இடது தள்ளு, வலது தள்ளு. அது பழகிய பிறகு ஒரு பெரிய வட்டம் போட்டு ஒரே வேகத்தில் சுற்றுங்கள். முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்புறம் தலையும் தோளும் உள்ளே கொண்டுவந்து. இரண்டாவது முறை வண்டி அதே வட்டத்தில் குறைவாகச் சாய்ந்து போவதைத் தொடையிலேயே உணர்வீர்கள். நண்பர் ஒருவர் பின்னாலிருந்து போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. நாம் உள்ளே சாய்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், வீடியோவில் பார்த்தால் தலை நட்டமாக நிற்கும். எல்லோருக்கும் முதல் வீடியோ அப்படித்தான் வரும்.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் நன்றாக வரும், இன்னொரு பக்கம் வராது. வலது கையில் ஆக்சிலரேட்டர் இருப்பதால் வலப்பக்கம் தள்ளும்போது கூடவே முறுக்கிவிடுகிறோம், அல்லது மூடிவிடுகிறோம். வராத பக்கத்தை இரண்டு மடங்கு பழகுங்கள்.

கடைசியாக, முட்டி உரச வேண்டும் என்ற ஆசை. ஆசையில் தப்பில்லை. 1970களில் ஃபின்லாந்தின் யார்னோ சாரினென், பிறகு அமெரிக்காவின் கென்னி ராபர்ட்ஸ் போன்றவர்கள் பந்தயத்தில் பரப்பிய முறை அது. இப்போது மோட்டோ ஜிபியில் 60 டிகிரிக்கு மேல் சாய்ந்து முழங்கையே தரையில் உரசுகிறது. ஆனால் அங்கே ரோடு ஒரே பக்கம்தான் போகும், எதிரே பஸ் வராது, வெளியே போனால் விழுந்து உருள இடம் இருக்கும், டயரும் சூடாக இருக்கும். பந்தய உடையின் முட்டியில் பொருத்தியிருக்கும், தரையில் தேயும் பிளாஸ்டிக்கும் சாய்வு எவ்வளவு என்று அளந்து பார்ப்பதற்கான அளவுகோல்தான். நம் பக்கத்தில் இதற்கு இடம் இருக்கிறது: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள பந்தயப் பாதை, கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கி.மீ. நீளமுள்ள கரி ஸ்பீட்வே. பொதுமக்களுக்கான பயிற்சி நாள் எப்போது என்று விசாரித்துப் பதிவு செய்துகொண்டு, உடம்பு முழுக்க மூடும் தோல் உடை, கையுறை, கணுக்காலைத் தாண்டும் பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். உடை இல்லையென்றால் வாடகைக்குக் கிடைக்குமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது. வாசலில் போய் நின்றுகொண்டு கேட்டால் உங்கள் அளவு இருக்காது.